கோடிட்ட இடத்தில் கட்டளைக்கு இடமில்லை

(மூங்கில்துறைப்பட்டில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அறையில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள், பட்டதாரி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். கணினிப் பாடம் எடுப்பவர் பேச வந்துவிட்டார், இதில் நமக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் நாம் எல்லோரும் செய்யும் முதல் வேலை எது? கைபேசியை எடுத்து எமிஸ் செயலியில் வருகைப் பதிவு. விரலால் ஒருமுறை தொடுகிறோம். அந்தத் தொடுதலில் எங்கோ இருக்கும் ஒரு தரவுத்தளத்துக்கு ஒரு வினவல் போகிறது, பதில் வருகிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியரும் தினமும் தரவுத்தளத்தோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பேச்சை எப்படிச் சரியாகப் பேசுவது, தவறாகப் பேசினால் யாருக்குப் பாதிப்பு என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். இதில் என்னுடைய தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். பேச்சில் நிரல் எழுதிக் காட்ட முடியாது. ஆகவே கட்டளைகளின் உச்சரிப்பைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். கரும்பலகைக்குப் போகும்போது வழக்கம்போல் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்தரும் பதிவறையும்

நம் ஊருக்குப் புதிதாக வருபவர்களுக்கு இரண்டு அடையாளம் சொல்வோம். ஒன்று தென்பெண்ணை ஆறு, இன்னொன்று கூட்டுறவு சர்க்கரை ஆலை. நம் மாணவர்களில் பலர் கரும்பு விவசாயிகளின் பிள்ளைகள். கரும்பைப் பதிவு செய்துவிட்டு வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் அப்பாவை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே வகுப்பில் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒரு விவசாயி அலுவலகத்துக்குப் போனால் நேராகப் பதிவறைக்குள் நுழைந்து பேரேட்டைப் புரட்டுவாரா? மாட்டார். சாளரத்தில் இருக்கும் எழுத்தரிடம் கேட்பார். எழுத்தர் ஒரு சீட்டு எழுதி உள்ளே அனுப்புவார். உள்ளே இருப்பவர் பேரேட்டைப் பார்த்துப் பதில் அனுப்புவார்.

வலைப்பக்கத்தில் அந்த எழுத்தர்தான் பிஎச்பி. பதிவறைதான் மைஎஸ்க்யூஎல். எழுத்தர் அனுப்பும் சீட்டுதான் வினவல்.

இந்த இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தன் சொந்த வலைப்பக்கத்துக்காக 1994இல் எழுதத் தொடங்கிய கருவிகளை 1995இல் பிறரும் பயன்படுத்த வெளியிட்டார். அதுதான் பிஎச்பி. மைஎஸ்க்யூஎல் முதலில் வெளிவந்ததும் 1995தான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தன் மகள் 'மை'யின் பெயரை அதற்கு வைத்தார். பிறகு அதிலிருந்து பிரித்து உருவாக்கிய மரியாடிபிக்கு இன்னொரு மகளின் பெயர். 'மை' என்றால் 'என்னுடைய' என்று எழுதும் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே நினைவில் வைத்துக்கொள்வார்கள். நாம் படிக்கும் தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளும் பிஎச்பியில் எழுதப்பட்டதுதான்.

12ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பிஎச்பியையும் மைஎஸ்க்யூஎல்லையும் இணைக்கும் பாடம் இருக்கிறது. அதன் சாரம் மூன்று படிகள். மைஎஸ்க்யூஎல்ஐ கனெக்ட் என்ற செயற்கூறால் இணைப்பை ஏற்படுத்துகிறோம். மைஎஸ்க்யூஎல்ஐ கொயரி மூலம் வினவலை அனுப்பிப் பதிலைப் பெறுகிறோம். மைஎஸ்க்யூஎல்ஐ குளோஸ் மூலம் இணைப்பை மூடுகிறோம். இதில் தவறு ஒன்றுமில்லை. முதல் படி இதுதான். நான் முதல் படியிலேயே நின்றுவிட்டேன் என்பதுதான் சிக்கல்.

ஒற்றை மேற்கோள் குறி

முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், மதிப்பெண் பதிவுக்காக நானே ஒரு சிறிய வலைப்பக்கம் எழுதினேன். ஆய்வகக் கணினிகளுக்குள் மட்டும் இயங்கும். மாணவர் தன் சேர்க்கை எண்ணைக் கொடுத்தால் தன் மதிப்பெண்ணைப் பார்க்கலாம். ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு நுழைவுப் பக்கம். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போனால் முகவரி, பெற்றோர் கைபேசி எண், வகுப்பாசிரியர் எழுதும் 'குறிப்பு' எல்லாம் தெரியும். சக ஆசிரியர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் எச்சரிக்கை ஒரு மாணவியின் முகவரியில் வந்தது. 'டீச்சர்'ஸ் காலனி' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து சேமித்தால் சேமிக்கவில்லை. எஸ்க்யூஎல் தொடரில் பிழை என்று திரையில் வந்தது. காரணம் எளியது. எஸ்க்யூஎல்லில் சொற்களை ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைக்கிறோம். டீச்சருக்குப் பின்னால் வரும் அந்தக் குறியைப் பார்த்ததும் மைஎஸ்க்யூஎல், 'முகவரி இதோடு முடிந்தது' என்று எடுத்துக்கொண்டது. மீதி இருக்கும் 'ஸ் காலனி' என்பது என்ன கட்டளை என்று அதற்குப் புரியவில்லை.

அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். மாணவி தட்டச்சு செய்த ஒரு எழுத்து, என் கட்டளையின் இலக்கணத்தையே மாற்றிவிட்டதே என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் குறியை நீக்கிவிட்டு 'டீச்சர்ஸ் காலனி' என்று சேமித்துக்கொள் என்றேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து 12ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் மதிய இடைவேளையில் வந்து, "சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டான். திரையில் ஆசிரியர் பக்கம் திறந்திருந்தது. எல்லா மாணவர்களின் பட்டியலும் இருந்தது. யாருடைய கடவுச்சொல்லும் அவனுக்குத் தெரியாது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "யாருடா இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"நீங்கதான் சார். 'ஆர்' போட்டா ரெண்டுல ஒண்ணு சரியா இருந்தா போதும்னு நீங்கதான் சொன்னீங்க."

கடவுச்சொல் பெட்டியில் அவன் தட்டச்சு செய்தது இதுதான்: ' ஆர் '1'='1

என் நிரல் அதை அப்படியே எடுத்துக் கட்டளைக்குள் ஒட்டியது. ஒட்டிய பின் கட்டளை இப்படி ஆனது: பெயர் இது, அண்ட் கடவுச்சொல் = '' ஆர் '1'='1'. அதாவது, பெயரும் வெற்றுக் கடவுச்சொல்லும் பொருந்த வேண்டும், அல்லது ஒன்றும் ஒன்றும் சமமாக இருக்க வேண்டும். ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம்தானே? நிபந்தனை எல்லா வரிசைகளுக்கும் உண்மையாகிவிட்டது. ஒரு வரிசையாவது கிடைத்தால் உள்ளே விடு என்று நான் எழுதியிருந்தேன். அது அவனை உள்ளே விட்டுவிட்டது.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு வரியைக் காட்டினான். அவனோடு படிக்கும் மாணவியின் பெயருக்கு எதிரே குறிப்பு: 'தந்தை குடும்பத்தை விட்டுச் சென்றுவிட்டார். தாய் செங்கல் சூளையில்.' உதவித்தொகைக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதியதுதான்.

"இதை எடுத்துடுங்க சார். இது நம்ம கிளாஸ்ல தெரிஞ்சுதுன்னு அவ கேள்விப்பட்டா ஸ்கூலுக்கே வரமாட்டா."

அவன் அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், நன்றியும் சொன்னேன். அன்று மாலையே அந்தப் பக்கத்தை நிறுத்தினேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல

இந்த ஓட்டைக்கு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். ஊசி வழியாக மருந்து உள்ளே போவதுபோல, தரவு போக வேண்டிய வழியில் கட்டளை போய்விடுகிறது. ஜெஃப் ஃபாரிஸ்டல் என்பவர் 1998இலேயே ஃப்ராக் என்ற மின்னிதழில் இதை விளக்கி எழுதிவிட்டார். ஆனாலும் 2015இல் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இதே வழியாக 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் திருடப்பட்டது. அதில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரமும் இருந்தது. ஓட்டை இருந்தது எங்கே? நிறுவனம் வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்த பழைய வலைப்பக்கங்களில். அங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை. தகவல் ஆணையர் அலுவலகம் 2016இல் 4,00,000 பவுண்டு அபராதம் விதித்தது. அந்த வழக்கில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் 17 வயது மாணவர் ஒருவரும் உண்டு. நம் மேல்நிலை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வயது. என் மாணவனும் ஏறக்குறைய அதே வயதுதான். அவன் ஓட்டையைக் கண்டதும் ஆசிரியரிடம் வந்தான். அந்த வேறுபாட்டை உண்டாக்கும் இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.

சரியான வழி

என்னைப் போலவே பலரும் முதலில் செய்ய நினைப்பது, ஒற்றை மேற்கோள் குறியைத் தடைசெய்வது. அது வேண்டாம். பெயரிலும் முகவரியிலும் அந்தக் குறி நியாயமாகவே வரும். பிள்ளையின் பெயரை நம் நிரலுக்காக மாற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. படிவத்தில் ஜாவாஸ்கிரிப்ட் வைத்துத் தடுப்பதும் போதாது. அது மாணவரின் உலாவியில் ஓடுவது. அதைத் தாண்டி நேராகவும் வினவல் அனுப்பலாம். குறிகளுக்கு முன்னால் சாய்கோடு சேர்க்கும் செயற்கூறும் இருக்கிறது. ஆனால் மேற்கோளுக்குள் வைக்காத எண் புலங்களில் அது காப்பாற்றாது. ஓரிடத்தில் மறந்தாலும் போச்சு.

சரியான வழி நமக்கு மிகவும் பழக்கமான ஒன்றைப் போன்றது. 'கோடிட்ட இடத்தை நிரப்புக.' வினாத்தாள் முதலிலேயே அச்சாகிவிட்டது. கோடிட்ட இடத்தில் ஒரு மாணவர், 'இந்தக் கேள்வி ரத்து, எல்லோருக்கும் முழு மதிப்பெண்' என்று எழுதினால் நாம் என்ன செய்வோம்? அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்வோமா? தவறான விடை என்று சுழித்துவிட்டு அடுத்த விடைக்குப் போவோம். கோட்டின் மேல் எதை எழுதினாலும் அது விடைதான். வினாவை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை.

பிஎச்பியில் இதற்கு ப்ரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் என்று பெயர். முன்பே தயாரித்த வினவல். நான்கு படிகள்.

முதலில் ப்ரிப்பேர். கட்டளையை எழுதி, மதிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்புகிறோம்: வேர் பெயர் = ? என்று. கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் குறி போடக் கூடாது. மாணவர்கள் பலர் தவறுவது இங்கேதான். மைஎஸ்க்யூஎல் இந்த நிலையிலேயே கட்டளையின் இலக்கணத்தைப் படித்து முடித்துவிடுகிறது.

இரண்டாவது பைண்ட் பாரம். எந்த மாறி எந்தக் கேள்விக்குறிக்கு உரியது என்று இணைக்கிறோம். கூடவே வகையையும் ஓர் எழுத்தால் சொல்கிறோம். முழு எண் என்றால் 'ஐ', பதின்ம எண் என்றால் 'டி', சரம் என்றால் 'எஸ்', கோப்பு போன்ற பெரிய தரவு என்றால் 'பி'. கேள்விக்குறிகள் மூன்று என்றால் எழுத்துகளும் மூன்று, மாறிகளும் மூன்று.

மூன்றாவது எக்ஸிக்யூட். மதிப்புகள் இப்போதுதான் தனியாகப் போகின்றன. இலக்கணம் ஏற்கெனவே முடிந்துவிட்டதால், வரும் எழுத்துகள் எதுவானாலும் வெறும் எழுத்துகள்தான். என் மாணவன் தட்டச்சு செய்த அதே வரியை இப்போது கொடுத்தால், அந்த எழுத்துகளையே பெயராகக் கொண்ட ஆசிரியர் யாராவது இருக்கிறாரா என்று மைஎஸ்க்யூஎல் தேடும். இல்லை என்று சொல்லும்.

நான்காவது கெட் ரிசல்ட். பதிலைப் பெற்றுக்கொள்கிறோம்.

இது புதிய வசதியும் அல்ல. மைஎஸ்க்யூஎல்ஐ நீட்சி 2004இல் பிஎச்பி 5உடன் வந்தபோதே இந்த வழியும் வந்துவிட்டது. 'ஐ' இல்லாத பழைய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகளை 2015இல் வந்த பிஎச்பி 7 முற்றிலும் நீக்கிவிட்டது. பழைய குறிப்பேட்டிலிருந்து நிரல் எடுத்துக் கொடுக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்விக்குறி எல்லா இடத்திலும் உதவாது. மதிப்பு வரும் இடத்தில் மட்டுமே அதை வைக்கலாம். அட்டவணையின் பெயர், நெடுவரிசையின் பெயர் ஆகியவற்றுக்கு வைக்க முடியாது. 'எதன்படி வரிசைப்படுத்த' என்று பயனரிடம் கேட்டால், பெயர், எண், மதிப்பெண் என்று நாமே ஒரு பட்டியல் வைத்து, அதற்குள் இருந்தால் மட்டுமே ஏற்க வேண்டும்.

இன்னும் சில பழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா நெடுவரிசைகளையும் கேட்கும் 'செலக்ட் நட்சத்திரம்' வேண்டாம். தேவையானதை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் பாஸ்வேர்ட் ஹாஷ் செயற்கூறால் மாற்றிச் சேமியுங்கள். அப்போது வினவலில் பெயரை மட்டும் தேடி, பாஸ்வேர்ட் வெரிஃபை மூலம் கடவுச்சொல்லைச் சரிபார்க்கலாம். பிழைச் செய்தியை மாணவர் திரையில் காட்டாமல் பதிவுக் கோப்பில் எழுதுங்கள். மதிப்பெண் பார்க்க மட்டும் உள்ள பக்கத்துக்கு, படிக்க மட்டும் அனுமதி உள்ள தரவுத்தளப் பயனரைப் பயன்படுத்துங்கள். ஒரு பூட்டு உடைந்தாலும் அடுத்த பூட்டு இருக்கும்.

வகுப்பில் செய்து பார்க்க

இதற்குக் கணினியே தேவையில்லை. 5ஆம் வகுப்பிலும் செய்யலாம். பத்து அட்டைகளில் பெயரும் பிடித்த பழமும் எழுதி ஒரு பெட்டியில் போடுங்கள். மூன்று மாணவர்களை அழையுங்கள். ஒருவர் கேட்பவர், ஒருவர் எழுத்தர், ஒருவர் பதிவறை. பதிவறைக்கு ஒரே விதி: சீட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்ய வேண்டும், சொந்தமாக யோசிக்கக் கூடாது.

முதல் சுற்று. கேட்பவர் சொல்வதை எழுத்தர், 'இவருடைய அட்டையைக் கொடு' என்ற வாக்கியத்தில் சேர்த்தெழுதி அனுப்புகிறார். சிறிது நேரத்தில் எப்படியும் ஒரு குறும்புக்காரர், 'கண்ணன் அல்லது எல்லோரும்' என்று சொல்வார். பெட்டியே வெளியே வந்துவிடும். வகுப்பு சிரிக்கும்.

இரண்டாம் சுற்று. 'கீழே உள்ள கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது ஒரு பெயர். அந்தப் பெயருள்ள அட்டையை மட்டும் கொடு' என்று முன்பே எழுதிய படிவத்தைப் பதிவறையிடம் முதலில் கொடுத்துவிடுங்கள். பிறகு பெயர்ச்சீட்டு மட்டும் தனியாகப் போகட்டும். இப்போது அதே குறும்புக்காரர் அதையே எழுதினாலும், 'கண்ணன் அல்லது எல்லோரும்' என்ற பெயரில் அட்டை இல்லை. பதிவறையின் பதில்: இல்லை. என்ன மாறியது என்று கேளுங்கள். பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மேல்நிலை வகுப்பில் இதற்குப் பின் ஆய்வகத்துக்குப் போகலாம். ஸாம்ப் நிறுவிய நம் கணினியில், கற்பனைப் பெயர்கள் கொண்ட தரவுத்தளத்தில், ஓட்டையுள்ள நிரலையும் சரிசெய்த நிரலையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டுங்கள். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொந்தக் கணினிக்கு வெளியே இதை முயலக் கூடாது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைந்து தரவை எடுப்பது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வரும். அதோடு இதையும் சொல்லுங்கள்: ஓட்டை ஒன்று கண்ணில் பட்டால் என்னிடம் வா, திட்ட மாட்டேன். அன்று நான் கோபத்தோடு நிறுத்தியிருந்தால், அடுத்த ஓட்டையை எந்த மாணவனும் என்னிடம் காட்டியிருக்க மாட்டான்.

நிரல் எழுதாத ஆசிரியர்களுக்கும்

நிறைவாக, நிரல் எழுதாத நண்பர்களுக்கு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. நம் மாணவர்கள் ஏறக்குறைய அனைவரும் அதற்குள் வருகிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர், வேலைக்கு வெளியூர் போயிருக்கும் பெற்றோர், எல்லோரும் சேர்க்கைப் படிவத்தில் நாம் கேட்டதை எல்லாம் எழுதிக் கொடுக்கிறார்கள். ஏன் கேட்கிறீர்கள் என்றுகூடக் கேட்பதில்லை. வாத்தியார் கேட்டால் காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை.

ஆகவே வகுப்பின் முழுப் பட்டியலையும் கைபேசி எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் ஒருமுறை யோசிப்போம். குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி எழுதும் முன், அந்தப் பிள்ளை இதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று யோசிப்போம். தேவையானதை மட்டும் கேட்பது வினவலுக்கு மட்டுமான விதியல்ல.

அந்த மதிப்பெண் பக்கத்தைக் கோடைவிடுமுறையில் முழுவதும் திருத்தி எழுதினேன். குறிப்பு என்ற நெடுவரிசையை எடுத்துவிட்டேன். அது வகுப்பாசிரியரின் கையேட்டில் இருந்தால் போதும். எல்லா வினவல்களிலும் கேள்விக்குறி வந்தது. சோதித்துப் பார்க்க முதலில் நான் தட்டச்சு செய்தது, அந்த மாணவியின் முகவரியை. டீச்சர்'ஸ் காலனி. மேற்கோள் குறியோடு அப்படியே சேமித்தது.